சம்பா நடவு, நெல் மூட்டை, சாக்கடை: எலிக்காய்ச்சல் வராமல் ஆட்களைக் காப்பது எப்படி?

வாய்க்கால்மேடு
சம்பா நடவுக்கு ஆள் இறக்கும் நேரம். குழுவில் 36 பேர். நாற்றுப் பறிக்கவும் நடவும் 28 பெண்கள், வரப்பு வெட்டவும் வாய்க்கால் தூரெடுக்கவும் 8 ஆண்கள். ஏறத்தாழ 25 நாள் சேற்றில்தான் வேலை. போன மழையில் வடிகால் தண்ணீர் எதிரேறி வயலில் நின்றுவிட்டது, வரப்பு நெடுக எலி வளை.

கேட்க வேண்டியது மூன்று. எல்லாருக்கும் கம்பூட்ஸ் வாங்கிக் கொடுத்தால் போதுமா? வாரத்துக்கு ஒரு தடவை தடுப்பு மாத்திரை என்கிறார்களே, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது? வயலில் பிளீச்சிங் பவுடர் தூவச் சொல்கிறார் உரக்கடைக்காரர், பலன் உண்டா? அறுவடை முடிந்ததும் இதே ஆண்கள் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போவார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

சமூகமருத்துவம்
கடையில் பணம் கொடுப்பதற்கு முன்னால் கிருமி எந்த வழியாக உள்ளே போகிறது என்று பார்த்துவிடுங்கள். பாதிச் செலவு மிச்சமாகும்.

எலி கடித்து வருவதில்லை இந்தக் காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற திருகு வடிவக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு நோவு ஒன்றும் இருக்காது, மாதக்கணக்கில் சிறுநீரோடு கிருமியை விட்டுக்கொண்டே இருக்கும். பெருச்சாளி, வயலெலி மட்டுமல்ல, மாடு, எருமை, நாய், பன்றிக்கும் இதில் பங்குண்டு. ஈர மண்ணிலும் நன்னீரிலும் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காய்ந்தால் செத்துவிடும். கடும் வெயில், உப்பு, அமிலம் எதுவும் அதற்கு ஆகாது. ஆகவே வயல் முழுக்க ஒரே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். வளை உள்ள வரப்போரம், நிழல் விழும் நாற்றங்கால் மூலை, ஓட்டமில்லாத வடிகால், மாடு இறங்கும் குட்டை, இவைதான் மோசமான இடங்கள்.

உடம்புக்குள் போவது தோல் வழியாக. அரிவாள் கீறல், பித்தவெடிப்பு, விரலிடுக்குச் சேற்றுப்புண், அட்டை கடித்த இடம் எல்லாமே வாசல்தான். வெளியே புண் தெரியாவிட்டாலும் நாலு மணி நேரம் சேற்றில் ஊறி வெளுத்துச் சுருங்கிய தோல் பாதி திறந்த கதவு மாதிரி. கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். சேற்றுக் கையால் கண்ணைக் கசக்குவதும் அதே கையால் வெற்றிலை மடித்து வாயில் போடுவதும் அதனால்தான் கெடுதல்.

கிட்டி
கம்பூட்ஸ் பற்றி நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நடவு ஆளுக்கு அது ஆகாது. உழுது பரம்படித்த சேற்றில் கால் வைத்தால் பூட்ஸ் அங்கேயே நிற்கும், கால் மட்டும் வெளியே வரும். சேறு முழங்காலைத் தொடும் இடத்தில் மேல்விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் கால் நாள் முழுக்கச் சூடான அழுக்குத் தண்ணீரில் ஊறுகிறது. வெறுங்காலைவிடக் கேடு. இரண்டாம் நாளே எல்லாம் வரப்பில் கிடக்கும்.

வரப்பு வெட்டும், வாய்க்கால் தூரெடுக்கும் 8 ஆண்களுக்கு மட்டும் வாங்குங்கள். அவர்கள் வளையை உடைக்கிற ஆட்கள், நிற்பது கெட்டித் தரை, மண்வெட்டிக் காயமும் அவர்களுக்குத்தான் அதிகம். அரை அளவு பெரியதாக வாங்கித் தடித்த காலுறையோடு போடச் சொல்லுங்கள். ராத்திரி கவிழ்த்து வைத்துக் காய விட வேண்டும். ஒரு ஜோடியை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டால் சேற்றுப்புண் இருவருக்கும் வரும்.

ஜப்பானில் நடவுக்கென்றே காலோடு ஒட்டி முழங்கால் வரை ஏறும் மெல்லிய ரப்பர் காலணி உண்டு, சேறு உறிஞ்சாது. நம் ஊர்க் கடைகளில் அதைத் தேடி அலைவதற்குள் நடவு முடிந்துவிடும்.

வாய்க்கால்மேடு
அப்படியானால் 28 பெண்களுக்கு என்ன வழி? வெறுங்காலோடுதானே நிற்பார்கள்?

சமூகமருத்துவம்
வெறுங்கால்தான். ஆனால் எந்தக் காலை இறக்குகிறோம், எவ்வளவு நேரம் இறக்குகிறோம், கரையேறியதும் என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

காலையில் இறங்குமுன் கால், கை பார்க்க ஆளுக்கு அரை நிமிடம் போதும். விரலிடுக்கை விரித்துப் பார்க்க வேண்டும். கைவிரலில் சின்னக் கீறல் என்றால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, மேலே ரப்பர் விரலுறை. பாதத்தில் திறந்த புண் இருந்தால் பிளாஸ்டரை நம்ப வேண்டாம், சேற்றில் ஒரு மணி நேரம்கூட நிற்காது. அந்த ஆளுக்கு அன்று கரை வேலை: முடிச்சு எடுத்துக் கொடுப்பது, கயிறு பிடிப்பது. கூலியைக் குறைக்காதீர்கள். குறைத்தால் மறுநாள் முதல் யாரும் புண்ணைக் காட்ட மாட்டார்கள், பரிசோதனையே வீண்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கரையேறிப் பத்து நிமிடம் காலைக் காய விட வேண்டும். வேலை முடிந்து கழுவும்போது வாய்க்கால் தண்ணீர் கூடவே கூடாது. எந்தத் தண்ணீரில் தொற்று வருமோ அதிலேயே காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம், இதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது. போர்வெல் தண்ணீர், சோப்பு, விரலிடுக்கு வரை. பிறகு துடைத்துக் காய வைப்பது. ஆளுக்கு 5 லிட்டர் என்றால் 36 பேருக்கு 180 லிட்டர், 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். சாப்பாட்டுக்கு முன் கை கழுவத் தனியாக ஒரு குடம்.

பித்தவெடிப்புக்கு ராத்திரி கால் கழுவித் துடைத்து வாஸ்லின் தடவினால் ஒரு வாரத்தில் பிளவு மூடத் தொடங்கும். நடவுக்கு 10 நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டிய வேலை இது. காலையில் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கினால் கிருமி ஒட்டாது என்கிறார்கள். அதைக் கவசமாக நினைக்காதீர்கள். விரலிடுக்கு அரிப்புக்கு க்ளோட்ரிமசோல் களிம்பு.

பனைநிழல்
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மாத்திரை விஷயம் எங்களுக்குப் பழகினது. இலங்கையில் வயல் வேலை தொடங்க முன்னமே, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கமக்காரருக்கு டொக்ஸிசைக்கிளின் குளிசையை இலவசமாகக் குடுக்கினம். 2008இல் நாடு முழுக்க 7,000 பேருக்கு மேல் நோய், 200 பேருக்கு மேல் இறப்பு. அதுக்குப் பிறகு இந்த ஏற்பாடு இன்னும் இறுக்கமானது. 2024 நவம்பர் வெள்ளம் வடிந்த கையோடு டிசம்பரில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் வந்ததை முதலில் மர்மக் காய்ச்சல் எண்டு சொன்னவை, பிறகுதான் எலிக்காய்ச்சல் எண்டு உறுதியானது.

அளவு: வளர்ந்தவருக்கு 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு, கிழமைக்கு ஒருக்கால், இரண்டையும் ஒரே நேரத்தில். சேற்றில் இறங்க ஒரு கிழமைக்கு முன்னம் முதல் தரம். பிறகு வேலை முடியுமட்டும் அதே கிழமை நாளில்.

பிழைப்பது எங்கே தெரியுமோ? குளிசையைக் கையில் குடுத்து அனுப்பினால் பாதிப் பேர் குடிக்க மாட்டினம். வீட்டில் ஆருக்கும் காய்ச்சல் வந்தால் குடுக்கலாம் எண்டு கூரைத் தாழ்வாரத்தில் செருகி வைப்பினம். அதாலை கொப்பி ஒன்றில் பெயர் எழுதி, சாப்பிட்ட கையோடு கண் முன்னால் குடிக்கச் செய்து, கையெழுத்து அல்லது பெருவிரல் அடையாளம் எடுக்க வேணும்.

தென்கோடி மருந்தகம்
பனைநிழல் சொன்ன அளவு சரி. அதே அளவைத்தான் கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு பெரிய அளவில் கொடுத்தார்கள். மருந்துக் கடைப் பக்கத்திலிருந்து சில எச்சரிக்கைகள்.

முதலில், இது மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. மொத்தமாக டப்பா வாங்கி வரப்பில் வைத்து விநியோகிக்காதீர்கள். குழுவின் பெயர்ப் பட்டியலோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பாருங்கள், அவர் எழுதித் தரட்டும்.

கர்ப்பிணிகளுக்குக் கூடாது. நாள் தள்ளிப்போனவர்களைத் தனியாக, ஒரு பெண் மூலமாகக் கேட்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் கேட்டால் உண்மை வராது. பால் கொடுப்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இதைக் கொடுப்பதில்லை. மாற்று மருந்து உண்டு, அதை மருத்துவர் முடிவு செய்வார்.

சாப்பிட்டபின், ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு. அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், அடுத்த இரண்டு நாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு எரியும். அதோடு மாத்திரையே வேண்டாம் என்று நின்றுவிடுவார்கள். பால், டீ, ஜெலுசில் வகை மருந்து, கால்சியம் எதுவும் கூடவே ஆகாது. நடவுப் பெண்களில் பலர் இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறார்கள், அதுவும் இந்த மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். அன்று ஒரு நாள் இரும்புச்சத்து காலையில், டாக்ஸி (டாக்ஸிசைக்ளின்) மாலைச் சாப்பாட்டோடு. வெயில் பட்ட தோல் சிலருக்குச் சிவந்து எரியும், முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் போடச் சொல்லுங்கள்.

சந்தேகப்பிராணி
வாராவாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே போனால் மற்ற கிருமிகளுக்கு எதிர்ப்புத்திறன் வராதா? இந்த 200 மில்லிகிராமுக்கு என்னதான் ஆதாரம்?

சமூகமருத்துவம்
நியாயமான கேள்வி. பனாமா காட்டில் பயிற்சிக்குப் போன அமெரிக்கப் படைவீரர்களிடம் செய்த ஆய்வு 1984இல் வெளிவந்தது. சுமார் 940 பேர், பாதிப் பேருக்கு வாரம் 200 மில்லிகிராம், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. நோய் வந்தது மருந்துக் குழுவில் 1 பேருக்கு, மற்றதில் 20 பேருக்கு. ஆனால் அவர்கள் மூன்றே வாரம் காட்டில் இருந்த இளைஞர்கள். நம் நிலைமைக்கு நெருக்கமானது வடக்கு அந்தமான் ஆய்வு, 2000இல் வந்தது. அங்கே 12 வாரம் கொடுத்தார்கள். ரத்தத்தில் தொற்றின் அடையாளம் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான், காய்ச்சலாக வெளிப்பட்டது மட்டும் 6.8 சதவீதத்திலிருந்து 3.1 ஆகக் குறைந்தது. அதாவது மருந்து கிருமியை வாசலில் நிறுத்துவதில்லை, உள்ளே வந்ததை அடக்குகிறது.

ஆகவே என் கணக்கு இதுதான். வெள்ளம் வடிந்த வயல், தூரெடுப்பு, தொடர்ந்து சேற்றில் நிற்கும் சில வாரங்கள், இதற்கு மட்டும் கொடுக்கலாம். எதிர்ப்புத்திறன் கவலை இருப்பதால் வருடம் முழுக்கக் கூடாது. மோட்டார் போட வந்துபோகிறவருக்கும் வேண்டாம். மாத்திரை எடுக்கிறோம் என்று கால் கழுவுவதை விட்டால் எடுத்ததற்கே அர்த்தமில்லை.

தடுப்பூசி இல்லையா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். சீனா, கியூபா, பிரான்ஸ் போன்ற நாடுகளில் மனிதர்களுக்கு உண்டு. இந்தக் கிருமியில் வகைகள் ஏராளம், ஓர் ஊர் வகைக்குச் செய்தது இன்னோர் ஊரில் எடுபடாது. நம்மிடம் புழக்கத்தில் இல்லை.

மூட்டைக்கணக்கு
பிளீச்சிங் பவுடர் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், கிடங்கில் தினமும் கரைக்கிற பொருள்.

ஓர் ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் சுமார் 2 லட்சம் லிட்டர். கிருமி நீக்கத்துக்கு 0.5 சதவீதக் குளோரின் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 15 கிராம் பவுடர், ஏக்கருக்கு 3 டன். பயிரும் மீனும் போய்ச் சேரும். சேற்றிலுள்ள மக்கு குளோரினைத் தின்றுவிடுவதால் அப்போதும் கிருமி சாகுமா என்பது சந்தேகம். இரண்டு கிலோ தூவுவது கடைக்காரருக்குத்தான் லாபம்.

தரை, மேடை, கருவி, எலிப்புழுக்கை, செத்த எலி, இவற்றுக்கு மட்டும் அது உதவும். 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடர் 15 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்தெளிவை மட்டும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைக்கும். கரைத்தது அன்றைக்கு மட்டும். வாய் திறந்து கிடந்த பழைய மூட்டையில் நெடி குறைந்திருந்தால் குளோரின் போய்விட்டது, வெறும் சுண்ணாம்பைத் தெளித்துக்கொண்டிருப்பீர்கள். கழிப்பறை ஆசிட்டோடு கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

இனி கிடங்கு. இங்கே முதல் எதிரி துடைப்பம். பூட்டிக் கிடந்த கிடங்கைத் திறந்த உடனே காய்ந்த புழுக்கையை வறட்டுத் துடைப்பத்தால் கூட்டினால் தூசி அத்தனையும் கூட்டுகிறவர் மூக்குக்குள் போகிறது. லெப்டோஸ்பைரா காய்ந்தால் சாகும், சரி. எலிகள் சுமக்கும் ஹாண்டா வகை வைரஸ்கள் அப்படியல்ல, தூசி வழியாகவே பரவும். அயலூர்ச் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். ஹாண்டா குடும்பத்தில் மிக முந்திப் பிரித்தெடுத்தவற்றில் ஒன்று 1964இல் வேலூரில் பிடித்த மூஞ்சூறிலிருந்து கிடைத்தது, தோட்டப்பாளையம் வைரஸ் என்றே அதற்குப் பெயர். அது மனிதருக்கு நோய் தருவதாக நிறுவப்படவில்லை. இருந்தாலும் பழக்கம் பழக்கம்தான்.

முறை: எதிரெதிர்க் கதவுகளைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. பிறகு என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை. துணி முகமூடி தூசிக்கு ஆகாது. கைத்தெளிப்பானில் மெதுவாக நனைக்க வேண்டும், வேகமாகப் பீய்ச்சினால் புழுக்கை பறக்கும். ஐந்து நிமிடம் ஊறட்டும். பழந்துணியால் வழித்து இரட்டைப் பையில் போட்டுக் கட்ட வேண்டும். கையுறையைக் கழற்றுமுன் கையில் இருக்கும்போதே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நெல் மேலும் சாக்கின் மேலும் கரைசல் தெளிக்க வேண்டாம். சிறுநீர்க் கறை உள்ள மூட்டையைத் தனியே எடுத்து, நெல்லை வேறு சாக்குக்கு மாற்றி, பழைய சாக்கை வெயிலில் விரியுங்கள், மொறுமொறுவென்று காயும் வரை.

எலியா பல்லியா என்று குழப்பம் வந்தால் புழுக்கையைப் பாருங்கள். பல்லி எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருக்கும். எலியுடையது முழுக்கக் கறுப்பு, ஏறத்தாழ 12 முதல் 18 மி.மீ. சுண்டெலியுடையது 3 முதல் 6 மி.மீ., அரிசிக்குறுணை மாதிரி. பளபளவென்று மெத்தென்று இருந்தால் புதுசு.

வாய்க்கால்மேடு
மூட்டை தூக்குகிற ஆட்களுக்கு? சட்டை போடவே மாட்டார்கள்.

மூட்டைக்கணக்கு
சட்டையைவிட முக்கியம் சும்மாடு. ஒரே துண்டைத்தான் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைக்கிறார்கள், அதையே உதறி முகத்து வேர்வையைத் துடைக்கிறார்கள். எலி மூத்திரம் ஊறிய சணலின் ஈரம் நேராகக் கண்ணுக்குப் போகிற வழி இது. எதற்காகவும் சண்டை போட வேண்டாம், இதற்குப் போடுங்கள். சும்மாட்டுக்குத் தடித்த காக்கித் துணி, முகத்துக்கு வெள்ளைத் துண்டு, ஆளுக்கு இரண்டு நிறம். காக்கியைத் தினமும் சோப்புப் போட்டு அலசி வெயிலில் போட வேண்டும். தோளில் சாக்கு உரசிச் சிராய்த்த இடத்தை மறைக்கப் பனியனாவது போடச் சொல்லுங்கள். கொக்கி குத்திய காயத்தை உடனே சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பீடியும் சாப்பாட்டுத் தூக்கும் மூட்டை அட்டி மேல் இருக்கக் கூடாது, ஆணியில் தொங்கட்டும்.

எலி நுழைவைக் குறைக்க: சுண்டெலிக்கு 6 மி.மீ. சந்து போதும், எலிக்கு 12 மி.மீ. பேனா நுழைந்தால் சுண்டெலி நுழையும், கட்டைவிரல் நுழைந்தால் எலி. ஓட்டையில் வெறும் சிமெண்ட் பூசினால் ஈரம் காயுமுன்பே நோண்டிவிடும், கம்பிவலையைத் திணித்து அதன்மேல் பூச வேண்டும். மரக்கதவின் அடிப்பகுதியில் 30 செ.மீ. உயரத்துக்குத் தகரம். அட்டியைச் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி, அடியில் மரச்சட்டம் வைத்து அடுக்குங்கள். சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை அடித்துவிட்டால் புதுப் புழுக்கை காலையில் பளிச்சென்று தெரியும்.

குழிமூடி
சாக்கடைப் பக்கம் சுருக்கமாக. மலக்குழிக்குள் பாதுகாப்புச் சாதனமில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்விப்பதற்கு 2013 சட்டத்திலேயே தடை, ஆளை இறக்கும் பேச்சே எழக் கூடாது. மழைநீர் வடிகால் தூர், ஜெட்டிங் லாரி (தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சி அடைப்பு எடுக்கும் வண்டி) வேலைக்கு மட்டும் சொல்கிறேன்.

ஜெட் அடிக்கும்போது திரும்பித் தெறிக்கிற துளி கண்ணில் படுவதுதான் அதிகம். கண்ணாடி மட்டும் போதாது, முகத்தை முழுக்க மறைக்கும் தடுப்பு வேண்டும். முழங்கை வரை வரும் தடித்த கையுறை. கையைக் கீழே தாழ்த்தி வேலை செய்தால் சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்க வேண்டும். மேலே தூக்கி வேலை என்றால் கையுறைக்குள்ளே. மாற்றிப் போட்டால் வழிகிற தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். ஓட்டைக் கையுறை வெறுங்கையைவிட மோசம், உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கிட்டி
எலியைக் குறைக்காமல் இதெல்லாம் முழுமையாகாது. தனி ஒருவர் வயலில் மட்டும் விஷ இரை வைத்துப் பயனில்லை, பக்கத்து வயல் எலி ஒரே வாரத்தில் காலி வளைக்குக் குடிவரும். வாய்க்கால் பாசனத்து ஆட்கள் ஒரே நாளில் சேர்ந்து வைக்க வேண்டும், பொதிப் பருவத்துக்கு முன்பே. கதிர் வந்துவிட்டால் இரையை யார் தின்பார்கள்?

துத்தநாக பாஸ்பைடு இரை: நொறுங்கரிசி 960 கிராம், சமையலெண்ணெய் 20 கிராம், மருந்து 20 கிராம். அதற்கு முன் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத அரிசியும் எண்ணெயும் வைத்துப் பழக்க வேண்டும். பழக்காமல் வைத்தால் கொஞ்சம் கொறித்துவிட்டுத் தப்பிய எலி அந்த இரையை மறுபடி தொடாது. வளைக்கு 10 கிராம் பொட்டலம். முந்தின நாள் மாலை எல்லா வளையையும் மண்ணால் மூடிவிட்டு, காலையில் திறந்திருக்கும் வளைக்குள் மட்டும் போடுங்கள். ஈரக் கையால், ஈரச் சோற்றில் கலக்காதீர்கள். ஈரம் பட்டால் பாஸ்பின் வாயு வரும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. கையுறை, மரக்குச்சி, திறந்த வெளி, சமையலுக்குத் திரும்பாத பாத்திரம். மிஞ்சிய எலிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து புரோமடியலோன்: 0.25 சதவீதத் தூள் 20 கிராம், எண்ணெய் 20, அரிசி 960. இதற்கு மாற்று மருந்து வைட்டமின் கே1.

மறுநாள் செத்த எலியைப் பொறுக்காமல் நடவு ஆட்களை இறக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எலியைப் பிடித்து, பையை அப்படியே புரட்டிக் கட்டிவிடுங்கள். இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், வாய்க்காலிலிருந்து தள்ளி.

நடவுக்கு மிக அருகில் இருப்பதால் விஷத்தைவிடத் தஞ்சாவூர் மூங்கில் கிட்டி என்ற எலிப்பொறி நல்லது என்பேன். நாய், மயில் பயமில்லை. கிட்டி வைப்பவருக்கும் வளை தோண்டிப் பிடிக்கும் இருளர்களுக்கும் தடித்த கையுறை அவசியம். பிடித்தவுடன் எலி மூத்திரம் பெய்யும், அது கையில்தான் விழும். புகைபோட வாயால் ஊதும் மண்சட்டிக்குப் பதில் கையால் சுற்றும் எஃகு ஊதி வந்திருக்கிறது, நுரையீரலுக்கும் முகத்துக்கும் அது நல்லது. எலி கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவி, டெட்டனஸ் ஊசிக்குப் போக வேண்டும். விஷம் வைத்த வயல் எலியைச் சாப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது என்று எலி பிடிப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சமூகமருத்துவம்
இவ்வளவுக்குப் பிறகும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. உயிர் போவதும் பிழைப்பதும் அந்த முதல் நாலைந்து நாளில்தான்.

தண்ணீரில் இறங்கி 5 முதல் 14 நாளில் பொதுவாக வரும், 30 நாள் வரை ஆகலாம். வேலை முடிந்து ஊருக்குப் போனபிறகும் வரும் என்பதைச் சொல்லி அனுப்புங்கள். திடீர்க் குளிர்க்காய்ச்சல், தலைவலி, இடுப்புவலி. கெண்டைக்காலை அமுக்கினால் ஆள் துள்ளும் அளவு வலி. கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை இருக்காது. கண் மஞ்சளாகட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. மஞ்சள் வந்தபோது நோய் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது. சிறுநீர் குறைவு, மூச்சிரைப்பு, இருமலில் ரத்தம், மயக்கம், இதில் எது வந்தாலும் பெரிய மருத்துவமனைக்கு உடனே.

டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டு மறுபடி வயலுக்கு வருவது இன்னொரு தவறு. ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு அது மேலும் அடி. காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும்.

மருத்துவர் தொழிலைக் கேட்காமல் டெங்கு பரிசோதனை மட்டும் எழுதக்கூடும். அதனால் ஆளுக்கு ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுங்கள்: "இவர் இந்தத் தேதியிலிருந்து சேற்று வயலில் வேலை செய்கிறார். வாராந்திர டாக்ஸிசைக்ளின் கடைசியாக எடுத்தது இந்தத் தேதி. எலிக்காய்ச்சல் இருக்கிறதா என்றும் பார்க்கவும்." ஐஜிஎம் என்ற எதிர்ப்புப்பொருள் ரத்தப் பரிசோதனை முதல் சில நாளில் இல்லை என்று காட்டும், ஏழாம் நாளுக்கு அப்புறம்தான் நம்பலாம். முதல் வாரத்தில் கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனை. சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவதே வழக்கம்: லேசானதற்கு டாக்ஸி 100 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, 7 நாள். கடுமையானதற்கு பென்சிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. வாராந்திரத் தடுப்பு அளவு சிகிச்சை ஆகாது, மாத்திரை எடுத்தவருக்கும் காய்ச்சல் வரலாம்.

தூரெடுப்பில் புதர் வெட்டுகிற ஆண்களுக்குக் காய்ச்சல் என்றால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்புக்கயிறு கட்டும் இடம் பாருங்கள். சிகரெட் சுட்டது மாதிரி வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக்காய்ச்சல், எலி மேல் வாழும் நுண்ணிய பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கெண்டைக்கால் வலியில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

குழிமூடி
ஒரு சேர்க்கை. 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, தொற்று அபாயமுள்ள வேலையில் வரும் நோய் தொழில்நோயாக இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த அட்டவணை உண்டு. வேலை தேதி எழுதிய வருகைப் பதிவேடும் அந்தச் சீட்டின் நகலும் இல்லாமல் கோரிக்கை நிற்காது.

வாய்க்கால்மேடு
எல்லாருக்கும் நன்றி. குறித்துக்கொண்டது: கம்பூட்ஸும் தடித்த கையுறையும் 8 ஜோடி, நாற்றுப் பறிப்பவர்களுக்கு மெல்லிய ரப்பர் கையுறை, 200 லிட்டர் குழாய் வைத்த டிரம், சோப்பு, பிளாஸ்டரும் விரலுறையும் இரண்டு பெட்டி, வாஸ்லின், இரண்டு நிறத் துணி, சீட்டு 40. பெயர்ப் பட்டியலோடு திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையம். முதல் மாத்திரைக்கு நடவு நாளிலிருந்து ஒரு வாரம் பின்னால் எண்ணிக்கொள்கிறேன். டிரம்மை எங்கே வைப்பது? களத்தில்தான் போர்வெல் இருக்கிறது, வயலிலிருந்து முந்நூறு அடி.

மூட்டைக்கணக்கு
களத்தில் வைத்தால் யாரும் முந்நூறு அடி நடக்க மாட்டார்கள், வாய்க்காலில் அலசிவிட்டுப் போய்விடுவார்கள். ஆட்கள் கரையேறும் இடத்திலேயே வைத்து, காலையில் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புங்கள். குழாய் முழங்கால் உயரத்தில் வருகிற மாதிரி நாலு செங்கல் மேல் டிரம். குழாய்க்குக் கீழே ஒரு மரப்பலகையோ பழைய கதவோ போடுங்கள், மண்ணில் நின்று கழுவினால் கழுவிய காலில் மறுபடி சேறு. செருப்பைப் பலகைக்கு அந்தப் பக்கம் விடச் சொல்லுங்கள். கழுவிய தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடாமல் மேட்டுப் பக்கம் ஒரு குழி வெட்டி விடுங்கள்.

வாய்க்கால்மேடு
பழைய கதவு ஒன்று மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. அதைக் கழுவிக் காயவைத்துப் போட்டுவிடுகிறேன்.

பனைநிழல்
கழுவ வேண்டாம் எண்டு சொல்லேல்லை, ஆனால் மாட்டு மூத்திரம் ஊறின பலகை எண்டால் பிளீச்சிங் கரைசலில் ஒருக்கால் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காய விட்டுப் போட்டுப் பாவியுங்கோ.